சிபில் -1: முதல் கார்டு எப்போது, எந்த வரிசையில்?

முதல்சம்பளம் | 3 பிப்ரவரி 2025

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்தக் கதைதான் இது. கடன் வரலாறு இல்லை என்று கிரெடிட் கார்டு தர மறுக்கிறார்கள். கார்டு இல்லாமல் வரலாறு எங்கிருந்து வரும்? சம்பளம் 26,000, வேலையில் நாலு மாதம், சிபில் (கடன் மதிப்பெண்) -1. ஒரே வாரத்தில் ஐந்து வங்கியில் போட்டால் ஒன்றாவது தேறும் என்பது என் கணக்கு. சரியா?

வட்டிக்கணக்கு | 3 பிப்ரவரி

தப்பு. -1 என்பது மோசமான மதிப்பெண் இல்லை, பரீட்சையே எழுதவில்லை என்று அர்த்தம். ‘என்.எச்.’ (நோ ஹிஸ்டரி, வரலாறு இல்லை) என்று காட்டினாலும் அதேதான். ஆனால் ஒவ்வொரு விண்ணப்பமும் உங்கள் கடன் அறிக்கையில் ஒரு ‘என்கொயரி’யாகப் (வங்கி விசாரித்த தடமாக) பதியும். ஏற்கெனவே நாலு கணக்கு ஓடுகிறவருக்கு அது பத்தோடு பதினொன்று. உங்கள் அறிக்கையைத் திறந்தாலோ உள்ளே ஒரு பாத்திரம்கூட இருக்காது, வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு மட்டும் கிடக்கும். ஆறாவதாக வருகிற வங்கி அதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடும்.

இன்னொன்று. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, வங்கிகளின் கார்டு கடனுக்கான ரிஸ்க் வெயிட்டை (கடனின் ஆபத்துக்கு வைக்கும் எடையை) 125 சதவீதத்திலிருந்து 150 ஆக்கியது. அடமானமில்லாத இந்தக் கடனுக்கு வங்கி கூடுதல் மூலதனம் ஒதுக்கியாக வேண்டும். புதுமுகம் என்றால் இரண்டு தடவை யோசிக்க அவர்களுக்கு இதுவும் ஒரு காரணம்.

மாதக்கடைசி | 4 பிப்ரவரி

விண்ணப்பத்தைத் தொடும் முன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று கடன் தகவல் நிறுவனம் நாலு. ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை ஒவ்வொன்றும் இலவசமாகத் தர வேண்டும், 2017 முதல் இந்த விதி இருக்கிறது. நாமே எடுத்துப் பார்ப்பது என்கொயரி கணக்கில் சேராது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று பிரித்து எடுப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் முதல் தடவை நாலையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும்.

‘ஒரு பைசா கடன் வாங்கியதில்லை’ என்கிறவர்கள் அறிக்கையில் அடிக்கடி தட்டுப்படுபவை: படிப்புக் கடன் (அப்பா கையெழுத்துப் போட்டாலும் முதல் கடன்காரர் மாணவர்தான்), யாருக்கோ போட்ட ஜாமீன், ஷோரூமில் தவணையில் எடுத்த போன், ‘இப்போது வாங்கு பிறகு கட்டு’ செயலி. கடைசியாகச் சொன்னதை 300 ரூபாய்தானே என்று விடாதீர்கள். 2022 செப்டம்பர் டிஜிட்டல் கடன் விதிகளுக்குப் பிறகு தொகை சின்னதோ, நாள் குறைவோ, அதுவும் அறிக்கைக்குப் போயாக வேண்டும்.

அடகுச்சீட்டு | 4 பிப்ரவரி

நகைக்கடன் சேருமா? நம்ம ஊரில் முதல் கடன் அதுதானே.

மாதக்கடைசி | 4 பிப்ரவரி

வங்கியிலோ நகைக்கடன் நிறுவனத்திலோ வைத்தால் சேரும். தெருமுனை அடகுக்கடையில் வைத்தால் சேராது. சீட்டுக் கட்டுவதும் பொதுவாகச் சேராது, இருபது வருஷம் தவறாமல் கட்டியிருந்தாலும். கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருந்தால் அறிக்கையில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

நகைக்கடனை வரலாற்றுக்காக நம்புவதில் இரண்டு சிக்கல். ஒன்று, வட்டியும் அசலும் கடைசியில் சேர்த்துக் கட்டும் வகையில் மாதாமாதம் கட்டிய தடமே இருக்காது. இரண்டு, மாற்றி வைக்கும்போது பழைய கணக்கு மூடிப் புதுக் கணக்கு திறக்கும். பத்து வருஷமாக அதே வளையல் உள்ளே இருக்கும், அறிக்கையிலோ கணக்கின் வயது எட்டு மாதம்.

வட்டிக்கணக்கு | 6 பிப்ரவரி

கேட்டவருக்கு வழி: எஃப்.டி. மேல் கார்டு. நீங்கள் போட்ட வைப்புத் தொகையை வங்கி பிடிமானமாக வைத்துக்கொண்டு, அதில் 75 முதல் 100 சதவீதம் வரை லிமிட் தரும். வருமானச் சான்றை இதில் பெரிதாகக் கேட்பதில்லை, ஸ்கோரும் தடை இல்லை. உதாரணம் எஸ்.பி.ஐ. உன்னதி: 25,000 ரூபாய் எஃப்.டி., முதல் நாலு வருஷம் ஆண்டுக் கட்டணம் இல்லை. இதைவிடக் குறைந்த தொகைக்குத் தருகிற வங்கிகளும் உண்டு.

எஃப்.டி. போடும்போது கவனிக்க வேண்டியவை. தனிப் பெயரில் போடுங்கள், அம்மாவோடு கூட்டாகப் போட்ட எஃப்.டி.யைப் பல வங்கிகள் இதற்கு ஏற்பதில்லை. முதிர்ந்ததும் தானாகப் புதுப்பிக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் முதிர்வு நாளன்று கார்டும் முடங்கும். ‘லியன்’ (எஃப்.டி. மேல் வங்கி வைக்கும் பிடிமானம்) போட்ட பிறகும் வட்டி வழக்கம்போல ஏறும். மாதாமாதம் வட்டி கையில் வருகிற வகையை விட, கடைசியில் சேர்த்துத் தருகிற வகையையே இந்தக் கார்டுக்குக் கேட்பார்கள். லியன் இருக்கும்வரை அந்தப் பணத்தை உடைக்க முடியாது, அதனால் அவசரத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இதில் பூட்டாதீர்கள்.

அப்புறம் என்ன, மாதாமாதம் பயன்படுத்தி, டியூ தேதிக்குள் (பணம் கட்டக் கடைசி நாளுக்குள்) முழுசாகக் கட்டுங்கள். அவ்வளவுதான்.

முதல்சம்பளம் | 6 பிப்ரவரி

கொஞ்சம் பாக்கி வைத்து வட்டி கட்டினால் ஸ்கோர் வேகமாக ஏறும் என்று ஆபீஸில் ஒரு அண்ணன் சொன்னார்.

வட்டிக்கணக்கு | 6 பிப்ரவரி

அந்த அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள். மாதம் மூன்றரை சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 42, அதன் மேல் ஜி.எஸ்.டி. 18. போதாததற்கு, பாக்கி வைத்த மாதத்திலிருந்து புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், 45 நாள் சலுகை போய்விடும். ஸ்கோரில் இதற்கு ஒரு புள்ளிகூட மரியாதை இல்லை.

மாதக்கடைசி | 9 பிப்ரவரி

எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம்: பெயர். இனிஷியல் வைத்துக்கொள்கிற நமக்கு இது பெரிய தலைவலி.

பான் விண்ணப்பத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள், விரித்து எழுத வேண்டும். அதனால் பானில் ‘ராமசாமி முருகன்’ என்று இருக்கும். ஆதாரில் ‘முருகன் ரா’. சம்பளக் கணக்கில் ‘ஆர் முருகன்’. கம்பெனிச் சம்பளச் சீட்டில் ‘முருகன் ராமசாமி’. ஒரே ஆள்தான், ஆனால் கணினிக்கு முன் நாலு பேராக நிற்கிறார். கடன் தகவல் நிறுவனம் பான், பிறந்த தேதி, பெயர், போன், முகவரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் ஆளை ஒட்டும். பான் சரியாக இருந்தால் பெரும்பாலும் ஒட்டிவிடும். பான் தராமல் வாங்கிய பழைய கடன் தனியாக ஒரு கோப்பில் அனாதையாகக் கிடக்கும். கடன் கட்டி முடித்தும் -1 காட்டினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். முன்பின் தெரியாதவரின் டூவீலர் லோன் உங்கள் அறிக்கையில் வந்து உட்காருவதும் இதே வழியில்தான்.

செய்ய வேண்டியது: பானில் உள்ள எழுத்தையே மூலமாக வைத்துக்கொண்டு, முதலில் சம்பளக் கணக்கின் கே.ஒய்.சி.யை அதற்கு மாற்றுங்கள், அடுத்து எஃப்.டி., கடைசியில் கார்டு விண்ணப்பம். வரிசை மாறினால் எஃப்.டி. ஒரு பெயரிலும் கார்டு ஒரு பெயரிலும் வரும், பிறகு லியனை எடுக்கும்போது கிளையில் நிற்க வேண்டியிருக்கும்.

அடகுச்சீட்டு | 9 பிப்ரவரி

எங்கள் வீட்டில் கேஸ் புக்கில் வேறு ஒரு முருகன் இருக்கிறார். அவருக்கும் கார்டு உண்டா?

வட்டிக்கணக்கு | 17 பிப்ரவரி

6ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். ‘டியூ தேதிக்குள் கட்டினால் போதும்’ என்பது பாதிதான் உண்மை. வட்டி வராமல் இருக்க அது போதும், லிமிட்டில் எவ்வளவு தின்றோம் என்கிற கணக்குக்குப் போதாது.

25,000 எஃப்.டி.க்கு 80 சதவீதம் என்று வையுங்கள், லிமிட் 20,000. முப்பது சதவீதத்துக்குள் நிறுத்து என்று எல்லோரும் சொல்வது 6,000. ஸ்டேட்மென்ட் தேதி (மாத பில் போடும் நாள்) 12, டியூ தேதி அடுத்த மாதம் 1 அல்லது 2. 5ஆம் தேதி 13,000க்கு போன் வாங்கி, 28ஆம் தேதி முழுசாகக் கட்டினாலும், 12ஆம் தேதி ஸ்டேட்மென்டில் 13,000 நிற்கிறது. வங்கி அனுப்பும் எண் அதுவானால், அறிக்கை ‘65 சதவீதம் தின்றவர்’ என்று சொல்லும். 10ஆம் தேதியே 10,000 கட்டியிருந்தால் ஸ்டேட்மென்ட் 3,000க்குத்தான் வரும். லிமிட் சின்னதாக இருக்கிறவருக்குத்தான் இந்தத் தேதி விளையாட்டு. மூன்று லட்சம் லிமிட் இருப்பவர் இதை மறந்துவிடலாம்.

மாதக்கடைசி | 18 பிப்ரவரி

அதிலும் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது சார். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் மாதத்துக்கு இரண்டு தடவை, 15ஆம் தேதி நிலவரமும் மாதக் கடைசி நிலவரமும், தகவல் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும் என்று விதி வந்தது. ஸ்டேட்மென்ட் பாக்கியை அனுப்புகிறார்களா, அன்றைய பாக்கியை அனுப்புகிறார்களா என்பது வங்கிக்கு வங்கி மாறும். ஊகிக்க வேண்டாம், இப்படிக் கண்டுபிடியுங்கள்: அறிக்கையில் ஒவ்வொரு கணக்கின் கீழும் ‘தகவல் தந்த தேதி’ என்று ஒரு கட்டம் இருக்கும், பக்கத்தில் ‘நடப்பு பாக்கி’. அந்த எண்ணை உங்கள் ஸ்டேட்மென்டின் மொத்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் உங்களுக்கு முக்கியம் 12ஆம் தேதி. ஒத்துப்போகாமல் 15ஆம் தேதிப் பாக்கியோடு பொருந்தினால், 14ஆம் தேதி பெரிய செலவு செய்யாதீர்கள்.

‘ஹை கிரெடிட்’ என்று இன்னொரு எண் இருக்கும். அது இதுவரை எட்டிய உச்சப் பாக்கி, இப்போதைய பாக்கி இல்லை. அதைப் பார்த்துப் பதறி வங்கிக்குப் போன் போடுகிறவர்கள் நிறைய.

வட்டிக்கணக்கு | 18 பிப்ரவரி

ஒப்புக்கொள்கிறேன். ‘12’ என்று கல்வெட்டு மாதிரி எழுதியிருக்கக் கூடாது.

அடகுச்சீட்டு | 2 மார்ச்

அறிக்கையில் மாத வாரியாக 000, எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ். என்று வருகிறதே, எது நல்லது?

மாதக்கடைசி | 2 மார்ச்

000 நல்லது, ஒரு நாளும் தாமதமில்லை. எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ். என்றால் அந்த மாதம் வங்கி தகவல் தரவில்லை, கெட்டது இல்லை. எஸ்.டி.டி. (ஸ்டாண்டர்டு) என்பதும் சரிதான். 030, 060 என்று எண் ஏறினால் அத்தனை நாள் தாமதம். சிபிலில் 36 மாதம் வரை இந்தப் பட்டியல் தெரியும். கணக்கு மூடியதும் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

‘செட்டில்டு’ என்ற வார்த்தை இருந்தால், ‘அப்பாடா முடிந்தது’ என்று படிக்காதீர்கள். கொடுக்க வேண்டியதைவிடக் குறைவாகக் கொடுத்து முடித்தார் என்று வங்கி படிக்கும்.

வட்டிக்கணக்கு | 11 மார்ச்

முதல் கார்டில் முதல் தாமதம் பெரும்பாலும் காசு இல்லாமல் வருவதில்லை, கவனக்குறைவில் வருகிறது. மூன்று வழி.

ஆட்டோ பே போட்டாயிற்று என்று இருப்பது. ஸ்டேட்மென்ட் வந்த பிறகு போட்டால் அது பெரும்பாலும் அடுத்த சுழற்சியிலிருந்துதான் வேலை செய்யும். முதல் மாதத்தைக் கையால் கட்டுங்கள். போடும்போது ‘மொத்தத் தொகை’யைத் தேர்ந்தெடுங்கள், ‘குறைந்தபட்சத் தொகை’ முன்கூட்டியே டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பயன்படுத்தாத கார்டில் ஆண்டுக் கட்டணம் விழுவது. 499, மேலே ஜி.எஸ்.டி., மொத்தம் 588 ரூபாய் 82 காசு. கார்டு அலமாரியில் தூங்கும், ஸ்டேட்மென்ட் எப்போதும் திறக்காத மின்னஞ்சலுக்குப் போகும், தாமதம் ஓடும்.

சில்லறைப் பாக்கி. நூறு ரூபாய்க்குள் பாக்கி என்றால் பல வங்கிகள் தாமதக் கட்டணம் போடாது. கட்டணம் இல்லை என்பது வேறு, பாக்கி இல்லை என்பது வேறு. 40 ரூபாயையும் கட்டிவிடுங்கள்.

டியூ தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதம் என்று தகவல் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும், தாமதக் கட்டணமும் அப்போதுதான். ஆனால் நாலாம் நாள் எண்ண ஆரம்பித்தால் ஒன்றிலிருந்து எண்ண மாட்டார்கள், டியூ தேதியிலிருந்தே எண்ணுவார்கள். அந்த மூன்று நாள், ஞாயிற்றுக்கிழமை சர்வர் படுத்தால் காப்பாற்றத்தான்.

முதல்சம்பளம் | 20 ஏப்ரல்

எஃப்.டி. கார்டு ரூபேயில் வாங்கினேன். யு.பி.ஐ.யில் இணைத்து டீக்கடையில் ஸ்கேன் செய்யலாமா?

மாதக்கடைசி | 20 ஏப்ரல்

செய்யலாம், கடைக்கான க்யூ.ஆர். என்றால். நண்பருக்கு அனுப்ப முடியாது. ஆனால் பதினைந்து ரூபாய் டீயாக அறுபது வரி வந்த ஸ்டேட்மென்டில், நீங்கள் வாங்காத காப்பீட்டுக்கு 199 ரூபாய் பிடித்திருந்தால் கண்ணில் படாது. போன் பில், ரீசார்ஜ், பெட்ரோல், இந்த மூன்றும் போதும். கார்டில் ஏ.டி.எம்.மில் பணம் மட்டும் எடுக்கவே கூடாது, எடுத்த நொடியிலிருந்து வட்டி, தனிக் கட்டணம் வேறு.

வட்டிக்கணக்கு | 5 ஜூன்

அமெரிக்காவிலிருந்து ஒருவர் தனிச்செய்தியில், ‘அப்பா கார்டில் ஆட்-ஆன் (அவர் கணக்கிலேயே கூடுதல் கார்டு) வாங்கினால் ஒரே மாதத்தில் வரலாறு கிடைக்குமே’ என்கிறார். அங்கே அது நடக்கும். இங்கே ஆட்-ஆன் கார்டின் வரவு செலவெல்லாம் பொதுவாக முதல் கார்டுக்காரர் பெயரிலேயே பதியும், உங்கள் அறிக்கை காலியாகவே இருக்கும். அதேபோல 24 மாதத்தில் 5 கார்டு வாங்கியவருக்குப் புதுக் கார்டு இல்லை என்பது அமெரிக்காவின் சேஸ் வங்கியின் பழக்கம், நம் ஊர்ச் சட்டம் இல்லை. அந்த ஊர்ப் பஞ்சாங்கத்தை வைத்து இங்கே நல்ல நேரம் பார்க்காதீர்கள்.

முதல்சம்பளம் | 28 ஆகஸ்ட்

ஸ்கோர் மூன்று இலக்கத்தில் வந்துவிட்டது. நாடாளுமன்றத்திலும் சொல்லிவிட்டார்கள், வரலாறு இல்லை என்று மறுக்கக் கூடாதாம். இப்போது ஐந்து இடத்தில் போடலாமா?

வட்டிக்கணக்கு | 28 ஆகஸ்ட்

மறுபடியும் ஐந்தா! அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது தம்பி.

நிதித்துறை இணையமைச்சர் மக்களவையில் சொன்னது இது: முதல் தடவை கடன் கேட்கிறவரின் விண்ணப்பத்தை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக் கூடாது, குறைந்தபட்ச ஸ்கோர் எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை. ‘ஒரே காரணம்’ என்பதில்தான் சூட்சுமம். சம்பளம், கம்பெனி, பின்கோடு என்று மறுக்க வங்கிக்கு இன்னும் பத்துக் காரணம் இருக்கிறது.

வரிசை இப்படி வையுங்கள். முதலில் சம்பளக் கணக்கு உள்ள வங்கியின் செயலியில் ‘ப்ரீ அப்ரூவ்டு’ ஏதாவது தெரிகிறதா பாருங்கள். அது வங்கியே உங்கள் வரவைப் பார்த்து வைத்த சலுகை, மறுப்பு வரும் வாய்ப்பு குறைவு. இல்லாவிட்டால் அதே வங்கியில் ஒரே ஒரு விண்ணப்பம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆறு மாதம் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வேலை மாறிய உடனே போடாதீர்கள், புதுக் கம்பெனியில் மூன்று சம்பளச் சீட்டு சேரட்டும். வீட்டுக் கடன் போடும் எண்ணம் இருந்தால், அதற்கு முந்தைய ஆறு மாதமும் புதுக் கார்டு வேண்டாம்.

மாதக்கடைசி | 29 ஆகஸ்ட்

கூடவே முகவரி. ஆதாரில் ஊர் முகவரி, இருப்பது மேன்ஷன் அல்லது பி.ஜி. சரிபார்க்க வருகிறவர் பகல் பதினொரு மணிக்கு வருவார், நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள், வாட்ச்மேன் ‘அப்படி யாரும் இல்லையே’ என்பார். நல்ல ஸ்கோரோடு விழுகிற விண்ணப்பங்களில் ஒரு ரகம் இது. ஆபீஸ் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள், அல்லது வாட்ச்மேனிடம் பானில் உள்ள முழுப் பெயரைச் சொல்லி வையுங்கள். வீடியோ கே.ஒய்.சி. என்றால் பான் கார்டு, வெள்ளைத் தாள், பேனா கையில் இருக்கட்டும், ஜன்னலுக்கு எதிரே உட்காருங்கள்.

‘உங்கள் தகுதியைப் பாருங்கள்’ என்கிற ஒப்பீட்டுத் தளங்களில் சம்மதக் கட்டத்தைப் படிக்காமல் டிக் அடிக்காதீர்கள். யாராவது அறிக்கையைத் திறந்தால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும். வந்த பெயர் தெரியாத பெயராக இருந்தால் அன்றே புகார்.

அடகுச்சீட்டு | 29 ஆகஸ்ட்

புகார் போட்டால் நடக்குமா?

மாதக்கடைசி | 29 ஆகஸ்ட்

தகவல் நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகப் போடலாம். வங்கிக்கு 21 நாள், எல்லாம் சேர்த்து 30 நாள். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு நஷ்ட ஈடு, 2024 ஏப்ரல் 26 முதல். அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). புகார் எண்ணைப் படம் பிடித்து வையுங்கள், 31ஆம் நாள் அதுதான் கேட்பார்கள்.

முதல்சம்பளம் | 14 செப்டம்பர்

சம்பள வங்கியிலேயே கிடைத்துவிட்டது, 60,000 லிமிட். எஃப்.டி. கார்டை மூடிவிடட்டுமா? 25,000 சும்மா கிடக்கிறது.

வட்டிக்கணக்கு | 14 செப்டம்பர்

சும்மா கிடக்கவில்லை, வட்டி ஏறுகிறது. உங்கள் அறிக்கையில் வயதானது அந்த ஒரு கணக்குதான். ஒரு வருஷமாவது விடுங்கள், மாதம் ஒரு ரீசார்ஜ் அதில் ஓடட்டும். ஒரு வருஷத்துக்கு மேல் தொடாமல் விட்டால் வங்கியே அறிவிப்பு அனுப்பி மூடலாம்.

மூடத்தான் வேண்டும் என்றால்: பாக்கியைப் பூஜ்யம் ஆக்கி, அதன் பிறகு வரும் ஒரு ஸ்டேட்மென்டும் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, எழுத்தில் கேளுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடவில்லை என்றால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். கார்டு மூடியதும் லியன் தானாகப் போய்விடும் என்று நம்பாதீர்கள். அது இன்னொரு பிரிவின் வேலை. எஃப்.டி. விவரத்தைத் திறந்து, ‘லியன் தொகை’ என்ற இடத்தில் 0.00 வந்ததா என்று பாருங்கள். 25,000 என்றே நின்றால் மூடல் கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள்.